காகம் காகமாகவே இருக்கட்டும்: குழந்தைகளுக்கான கானுயிர்க் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். பெரும்பாலும் விலங்கு, பறவை, பூச்சி, கடல் பற்றிய கதைகள். பாதி நானே எழுதியவை. பிள்ளையைக் கொண்டுவிட வரும் அப்பா அம்மாக்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கேட்பதும், அப்புறம் வாட்ஸ்அப்பில் கேட்பதும், கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

பஞ்சதந்திரம், பாட்டி வடை சுட்ட கதை எல்லாமே விலங்குக் கதைதானே? புதிதாக என்ன இருக்கிறது?

அவை விலங்கு வேஷம் போட்ட மனிதக் கதைகள். பஞ்சதந்திரம் மக்கு இளவரசர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்க வந்தது. அந்த நூலே தன் முன்கதையில் அப்படித்தான் சொல்கிறது. அதில் வரும் நரி மந்திரி, சிங்கம் அரசன். குறையாகச் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் ஒரு சோதனை உண்டு. கதையிலிருந்து நரியை எடுத்துவிட்டு அடுத்த தெருக்காரர் ஒருவரைப் போட்டுப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் அது நரியின் கதை இல்லை. நரி இல்லாவிட்டால் கதையே நடக்காது என்றால்தான் அதைக் கானுயிர்க் கதை என்பேன்.

வடைக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் நரி வேஷக்காரர், காகம் மட்டும் அசல். திறந்து வைத்த வடையைத் தூக்குவதும், எட்டாத கிளையில் போய் உட்காருவதும் எந்தச் சென்னைக் காகமும் தினமும் செய்கிற வேலை. பிற்பாடு யாரோ அந்தக் கதைக்கு ஒரு திருத்தம் போட்டார்கள், கேட்டிருப்பீர்கள்: நரி பாடச் சொன்னதும் காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடும், நரி ஏமாந்து போகும். அந்தத் திருத்தத்தைச் செய்தவர் யாராக இருந்தாலும் காகத்தைக் கண்ணால் பார்த்தவர். காகம் தீனியைக் காலால் அழுத்திக்கொண்டு அலகால் பிய்த்துத்தான் தின்னும். ஒருவர் உற்றுப் பார்த்ததால் ஒரு பழைய கதையின் முடிவே மாறிவிட்டது. நான் சொல்லவரும் கதைகள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

கதையில் விலங்குகள் பேசலாமா, கூடாதா?

தாராளமாகப் பேசலாம். ஆமை பேசாது என்று நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் புலி மனம் திருந்திக் கீரை தின்றது என்று எழுதினால், அது பொய் என்று பிள்ளைக்குத் தெரியாது. நம்பிவிடும். பேச்சில் விளையாடுங்கள், பிழைப்பில் கை வைக்காதீர்கள். அது என்ன தின்கிறது, எப்போது தூங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது, குட்டியை யார் வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்த விலங்கின் சொத்து.

இது பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் போன்றவர்கள் காட்டு விலங்குகளைக் கதாநாயகர்களாக வைத்து எழுதிய கதைகள் சக்கைப்போடு போட்டன. எல்லாம் நிஜமாக நடந்தவை என்றும் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். 1903இல் ஜான் பரோஸ் என்ற மூத்த இயற்கையாளர் "இது இயற்கை வரலாறே இல்லை, கட்டுக்கதை" என்று ஒரு கட்டுரையில் கிழித்தார். 1907இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே களத்தில் குதித்தார். நாட்டின் அதிபர் குழந்தைக் கதைகளில் வரும் ஓநாய்க்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. பரோஸுக்குக் கோபம் வந்தது கற்பனைக்காக இல்லை. கற்பனையை உண்மை என்று விற்றதற்காக.

நம் பக்கம் இதற்கு இன்னும் அழகான உதாரணம் உண்டு. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ: "துடியடிக் கயந்தலை கலக்கிய சின்னீரைப் பிடியூட்டிப் பின்னுண்ணும் களிறு". இருப்பதே கொஞ்சம் தண்ணீர். அதையும் குட்டி இறங்கிக் கலக்கிவிட்டது. ஆண் யானை அதை முதலில் பெண்ணுக்கு ஊட்டிவிட்டுத் தான் பிறகு குடிக்கிறது. உள்ளபடி பார்த்தால் வளர்ந்த களிறு, பிடியும் குட்டியுமாகக் குடும்பம் நடத்துவதில்லை. அந்தப் பாசம் கவிஞர் வைத்தது. பிரிந்துபோன தலைவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் ஆசை அது. ஆனால் வறண்ட காட்டில் மிஞ்சிய ஒரு குட்டை, அதற்குள் இறங்கிச் சேறாக்கும் குட்டியானை, உடுக்கை மாதிரி அதன் கால் என்பதெல்லாம் பார்த்தவர் எழுதியது. மனசை இரவல் கொடுக்கலாம். கண்ணை மட்டும் அடகு வைக்கக் கூடாது.

சிங்கம் காட்டுக்கு ராஜா என்று எழுதலாமா?

தமிழ்நாட்டுக் காட்டில் நடக்கிற கதை என்றால் வேண்டாம். இந்தியாவில் சிங்கம் தானாகத் திரிவது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் மட்டும். முதுமலையில் சிங்கத்தை உட்காரவைத்தால் கதை அங்கேயே படுத்துவிடும். "வண்டலூர்ல இருக்கே" என்றான் ஒரு பையன். இருக்கிறது, வேலிக்குள் ராஜாவாக.

இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் தவறுகள் என்னென்ன?

முதல் தவறு என்னுடையது. எழுத ஆரம்பித்த புதிதில் "குயிலக்கா" என்று ஒரு கதை எழுதினேன். சித்திரை வெயிலில் குயிலக்கா மாமரத்தில் உட்கார்ந்து இனிமையாகக் கூவுவாள், எல்லோரும் மயங்குவார்கள். வாசித்து முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கி, "அக்கா, கூவுறது ஆம்பளைக் குயில்" என்றாள். நான் சமாளிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை, மாடிச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போய்க் கீழே நிற்கும் பாதாம் மரத்தைக் காட்டினாள். எனக்கு இலைதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, காய்ந்த இலை மாதிரி ஒன்று அசைந்தது. பழுப்பு உடம்பு, முழுக்க வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கண். "அதான் பொண்ணு. அது கிக் கிக் கிக்னுதான் கத்தும்." அதே மரத்தில் மேலே, மினுமினுக்கும் கறுப்பில், சாட்சாத் அந்த "குயிலக்கா" கூவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்த மரத்தடியில்தான் ஸ்கூட்டர் நிறுத்துகிறேன்.

அப்புறம் அந்தக் கதையைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதினேன். அது பத்து மடங்கு நல்ல கதை. ஆண் குயில் காக்கைக் கூட்டுப் பக்கம் போய் வம்பிழுக்கிறது. காகங்கள் துரத்திக்கொண்டு போகின்றன. அந்த இடைவெளியில் பெண் குயில் நைசாக வந்து முட்டை வைத்துவிட்டுப் போகிறது. காகம் அடைகாக்கிறது, ஊட்டுகிறது. கேபிள் டிவி ஒயரும் துணிமாட்டும் ஹேங்கர் கம்பியும் வைத்துக் கட்டிய கூடு, அதில் அடுத்த வீட்டுப் பிள்ளை. இதில் யார் கெட்டவர் என்று பிள்ளைகள் அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். முடிவுக்கு வரவே இல்லை.

மற்றத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யானைக் கூட்டத்துக்குத் தந்தம் வைத்த "ராஜா" தலைமை தாங்குவார். உண்மையில் மூத்த பெண் யானைதான் வழி நடத்தும், ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். மான் என்றாலே கிளை கிளையாகக் கொம்பு வரைவார்கள். புள்ளிமானுக்கு அது சரி, உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு, கிளையும் கிடையாது, உதிரவும் உதிராது. ஓவியர்கள் இதில் நூற்றுக்குத் தொண்ணூறு வழுக்குவார்கள். பாம்பு பால் குடிக்கும் என்பது தெரிந்த கட்டுக்கதை. மகுடிக்கு ஆடுவதும் இசைக்கு மயங்கி இல்லை. எதிரே அசைகிற மகுடியை எதிரியாகப் பார்த்து அதுவும் கூடவே அசைகிறது. சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு ஆடுகின்றன என்பார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. ஆந்தை அபசகுனம் என்று எழுதுகிறவர்கள் அது தின்கிற எலிகளின் கணக்கையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

குல்லாய் வியாபாரி கதையை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் குரங்குக்கு உச்சந்தலை முடி நடுவில் வகிடெடுத்துக் குல்லாய் வைத்த மாதிரியே இருக்கும். பிறக்கும்போதே குல்லாயோடு பிறந்தது எதற்கு இன்னொன்றைத் திருடியது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

தமிழில் விலங்குப் பெயர்களே குழப்பமாக இருக்கின்றனவே?

குழப்பம் மொழியில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. முதலாவது நம் மலைகளில் இருக்கிறது. இரண்டாவது வேகத்துக்குப் பேர்போனது, இந்தியக் காடுகளிலிருந்து அழிந்துபோய், 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். டிவி செய்தியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கடமானை மிளா என்றும் சொல்வார்கள், வெளிமானுக்கு இரலை என்றும் பெயர். மலைமேல் நிற்கும் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. கடலில் இருப்பது ஆவுளியா, கடற்பசு என்றாலும் சரி. "வனவிலங்கு" என்பதைவிட "கானுயிர்" எனக்குப் பிடித்த சொல். பறவை, பூச்சி, மரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பெயர் தெரியாவிட்டால் "ஒரு குருவி" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். கடற்கரைக் குப்பத்திலோ கிராமத்திலோ ஒரு பெரியவரைக் கேட்டால் பெயரோடு ஒரு கதையும் சேர்ந்து வரும்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு காட்டைப் பற்றி எப்படி எழுதுவது?

ஊர் நடுவிலேயே காடு இருக்கிறதே. கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி, வெளியே சர்தார் பட்டேல் சாலையில் பஸ் ஹாரன். உள்ளே வெளிமான், புள்ளிமான், நரி, கீரி. பலர் குழந்தைகள் பூங்காவில் ஊஞ்சல் ஆடிவிட்டு, பக்கத்தில் 1972இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை போனால் பாம்பைப் பார்க்கிற கூட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கதை இருக்கும்.

பாம்புக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி போனால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் வேண்டும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் ஒரு கோட்டைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்கிற ஆட்கள். நம் துப்பறியும் கதைகளுக்கு இதைவிட நல்ல நாயகன் கிடைக்குமா?

பள்ளிக்கரணையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடு, ஒருபுறம் ஐடி கட்டடங்கள், நடுவில் 2022இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம். பூநாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி. அங்கே நீளவால் இலைக்கோழி என்று ஒரு பறவை, மிதக்கிற இலைமேல் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம். அதில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சை வளர்ப்பது முழுக்க அப்பா. அதை ஒரு ஞாயிறு சொன்னபோது, பிள்ளையை அழைத்துப் போக வந்து நின்ற அப்பாக்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் தூரம் போக முடிந்தால் கார்த்திகைக்கு மேல் வேடந்தாங்கல், எண்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே பறவைகளைக் காப்பாற்றியது முதலில் சட்டம் இல்லை, ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடிக்காமல் இருக்கிற ஒரு பையனின் தீபாவளி, இதுவே ஒரு கதைதான். எழுதிப் பாருங்கள், நான் இன்னும் எழுதவில்லை.

குழந்தையை ஆமை நடைக்குக் கூட்டிப்போகலாமா? ஆமைக் கதைக்கு அது அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை போய்வந்தால் கதை மாறிவிடும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடிச் சென்னைக் கரையில் இரவில் நடக்கிறார்கள். தை முதல் பங்குனி வரை, நள்ளிரவுக்குக் கிளம்பி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். தூக்கம் தாங்காத சின்னப் பிள்ளைகளை இழுத்துப் போகாதீர்கள். பத்து வயசு ஆகட்டும்.

நான் போனது ஒரு மாசி மாதம். என்னோடு வந்த பெண் ஐந்தாம் வகுப்பு. டார்ச் கூடாது, போன் கூடாது. அரை நிலா. ஒன்றரை மணிவாக்கில் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். கடலிலிருந்து மணலில் ஒரு தடம், சின்ன டிராக்டர் ஏறிப்போன மாதிரி. அதன் முடிவில் அவள் இருந்தாள். பங்குனி ஆமை, ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. முட்டையெல்லாம் இட்டு முடித்து, பின்துடுப்பால் மணலைத் தள்ளி மூடிவிட்டு, உடம்பைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்தாள். தொம், தொம் என்று. மணலை இறுக்குகிறாள். உரலில் மாவு இடிக்கிற சத்தம்தான் நினைவுக்கு வந்தது. கண்ணிலிருந்து பிசுபிசுவென்று நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ஏன் அழுவுது?" என்று குசுகுசுவென்று கேட்டாள் பிள்ளை. பிள்ளைகளை விட்டுப் போகிறாளே, அதனால் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உடன் வந்த கல்லூரிப் பையன் முந்திக்கொண்டான்: "அது அழுகை இல்ல பாப்பா, உப்பு. கடல் தண்ணியில உடம்புக்குள்ள போற உப்பு கண்ணுகிட்ட இருக்கிற சுரப்பி வழியா வெளிய வருது." பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கடல்லயும் அழுதுக்கிட்டேதான் இருக்குமா? யாருக்கும் தெரியாதா?" என்றாள். என் கைவசம் இருந்த வசனத்தைவிட அது எவ்வளவு மேல் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் கற்பனை செத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியைத்தான் பதிலாகச் சொல்வேன்.

ஆமைக் கதைக்கு வில்லன் தேடவும் வேண்டாம். ஒரு குழியில் நூறு சொச்சம் முட்டை. ஒன்றரை மாதத்துக்கு மேல் மணல் சூட்டில் கிடந்து பொரியும். சூடு கூடினால் பெண்கள் அதிகம், குறைந்தால் ஆண்கள். வெளியே வரும் குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் வெளிச்சம் என்றால் கடலின் அடிவானம். இன்றைக்குப் பெசன்ட் நகரில் வெளிச்சம் என்றால் ஐஸ்கிரீம் கடை. கதை அங்கேயே முடிச்சுப் போட்டு நிற்கிறது.

விலங்கு சாவதை, ஒன்றை ஒன்று கொல்வதைக் குழந்தைக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், ரத்தத்தை ருசித்துச் சொல்லாமல். கதைக்கு நடுவிலேயே ஒரு நாள் எங்கள் மாடியிலிருந்து கரும்பருந்து ஒரு அணிலைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒருவன், "அதோட குஞ்சுக்கு இன்னிக்கு டிபன்" என்றான். இரண்டும் சரியான எதிர்வினைதான். அதனால் ஒரே சம்பவத்தை இரண்டு கதையாகச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்த வாரம் தவளையின் பக்கம், அடுத்த வாரம் சாரைப்பாம்பின் பக்கம். முதல் வாரம் தவளை தப்பினால் கைதட்டுகிறவர்கள் அடுத்த வாரம் பாம்பின் வெறும் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடற்கரைக்கு நடக்கப்போன பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வர முடியாது என்று நேராகச் சொன்னேன். மீனவர்கள் கெட்டவர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்குமேல் கதையாக்க எனக்கு அன்று முடியவில்லை. எல்லாவற்றையும் கதையாக்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

கடைசியில் நீதி வேண்டாமா? பள்ளியில் கேட்கிறார்களே?

கேட்கிறார்கள். ஒரு பள்ளி ஆண்டு மலருக்குச் சாரைப்பாம்புக் கதை கொடுத்தேன். கதை பிரமாதம், ஆனால் முடிவில் பாம்பு திருந்த வேண்டும் என்றார்கள். எதிலிருந்து திருந்துவது? எலி பிடிப்பதிலிருந்தா? பாம்பை முயலாக மாற்றித் தரவும் யோசனை சொன்னார்கள். கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த மலரில் எனக்குப் பதிலாக ஒரு குட்டிச் சிங்கம் உண்மை பேசியது.

எந்த வயசுக்கு எந்த மாதிரிக் கதை?

ஆறு வயசு வரை படமும் சத்தமும் போதும். அதற்கு மேல் ஒரே விலங்கின் ஒரு நாள். பத்துக்கு மேல் துப்பறியும் கதை மாதிரி: தடம், எச்சம், உதிர்ந்த இறகு. வயசைவிடப் பிள்ளையைப் பாருங்கள்.

தமிழில் யாரைப் படிக்கலாம்?

பெரியவர்கள் முதலில் மா. கிருஷ்ணனைப் படியுங்கள். 1912இல் பிறந்து 1996வரை இருந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. குழந்தைக் கதை எழுத்தாளர் இல்லை. ஆனால் ஒரு பறவையை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எத்தனை சிக்கனமாகத் தமிழில் வைப்பது என்பதற்கு அவர் கட்டுரைகள்தான் பாடம். அப்புறம் கானுயிர் பற்றித் தமிழில் எழுதும் சு. தியடோர் பாஸ்கரன். பிள்ளைகளுக்கு என்றால் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. கரிசல்காட்டுச் சிறுவர்களுக்குப் பறவைகளின் பெயர், முட்டை, கூடு எல்லாம் அத்துப்படி. அந்தக் குறுநாவலில் பறவைகள் அலங்காரத்துக்கு வந்து போவதில்லை. இன்றைய கண்ணால் பார்த்தால் பையன்கள் முட்டை எடுப்பது உறுத்தும். உறுத்தட்டும், அதையே பிள்ளைகளோடு பேசுங்கள். சின்னவர்களுக்கு அழ. வள்ளியப்பா பாட்டுகளை இன்னும் யாரும் தாண்டவில்லை என்பது என் கட்சி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் வருகிறது. பழைய இதழ் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். படப் புத்தகங்களுக்குச் சென்னையிலேயே தூலிகா பதிப்பகம் இருக்கிறது. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனால் பெரிய அரங்குகளில் பளபளப்பான டைனோசரைத் தாண்டி, மூலைக் கடைகளுக்கும் நடங்கள். கால் வலிக்கும்போதுதான் நல்ல புத்தகம் கிடைக்கும், என் அனுபவத்தில்.

என் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆங்கிலத்திலேயே படிக்கட்டுமா?

படிக்கட்டும், கூடவே நீங்கள் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலப் புத்தகத்தில் பெரும்பாலும் பேட்ஜரும் ராபினும்தான் வரும். எங்களிடம் வரும் ஒரு பையனுக்கு முள்ளம்பன்றிபோல இருக்கும் ஹெட்ஜ்ஹாக்கைப் பற்றிப் பத்து விஷயம் தெரியும். தன் வீட்டு ஜன்னல் ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டியிருப்பது மைனா என்று தெரியவில்லை. மொழிபெயர்ப்புக் கதைகளை வெறுக்கவில்லை. ஆனால் பனியில் உறங்கும் கரடியைச் சித்திரை மாதம் மின்சாரம் போன இரவில் வாசிப்பது கொஞ்சம் கொடுமை.

கதை கேட்டதிலிருந்து கிளி வேண்டும், நட்சத்திர ஆமை வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். வாங்கலாமா?

கூடாது. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பணம் கொடுத்து வாங்கினேன் என்பது பதிலாகாது. பால்கனியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். யார் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் பிள்ளை எழுதட்டும். முதல் பத்துப் பக்கம் காகம், புறா, காகம், புறா என்றே வரும். சலித்துக்கொள்ளாதீர்கள். பதினோராம் பக்கத்தில் "ஒத்தக்கால் காக்கா" என்று வந்தால் கதை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிறு கதைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பாய் அல்லது பழைய பெட்ஷீட், தண்ணீர் பாட்டில், கொசுவுக்கு முழுக்கை சட்டை. நொறுக்குத்தீனி மட்டும் வேண்டாம், தயவுசெய்து. போன மாதம் ஒரு பாட்டி ஆசையாக மசால்வடை கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குல்லாய்க்காரர் இறங்கி வந்து டப்பாவோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதிக் கதையை யாருமே கேட்கவில்லை. டப்பா பெசன்ட் அவென்யூ பக்கம் ஒரு சன்ஷேடில் கிடப்பதாகக் கேள்வி.